டைப்ஸ்கிரிப்ட்டில் வகைகளும் செயற்கூறுகளும்: காரைக்குடிப் பக்கத்து மாணவர்களுக்கான கேள்வி பதில்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், திருப்பத்தூர் ஆகிய ஊர்களில் டைப்ஸ்கிரிப்ட் படிக்கத் தொடங்குபவர்கள் முதல் சில வாரங்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இரண்டு கணக்குகளிலிருந்து எடுக்கப்பட்டவை: ஒரு கூடத்துக்கு எத்தனை ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் சதுரக் கல்) வேண்டும் என்பது ஒன்று, ஊர்க் கோயிலின் புள்ளிப் பட்டியல் (வரிக்காகக் குடும்பங்களைக் கணக்கிடும் பட்டியல்) மற்றொன்று. மொழியின் சொற்களான ஃபங்ஷன், நம்பர், ஸ்ட்ரிங் போன்றவற்றை இந்தப் பக்கத்தில் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். நிரலில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டச்சு செய்ய வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்ட் தெரியாமல் நேரே டைப்ஸ்கிரிப்ட் படிக்கலாமா?

படிக்கலாம், ஆனால் அப்போது இரண்டையும் சேர்த்தே படிக்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட்டை 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கினார். அந்த மொழியில் ஒரு மாறியில் இப்போது எண்ணும் சற்று நேரத்தில் சொல்லும் இருக்கலாம், அதை எவரும் தடுப்பதில்லை. சிறிய நிரலில் வசதியாக இருக்கும் இந்தத் தாராளம் பெரிய நிரலில் பிழைகளுக்கு ஊற்றாகிவிடுவதால், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2012 அக்டோபரில் டைப்ஸ்கிரிப்ட்டை வெளியிட்டது. அதன் முதன்மை வடிவமைப்பாளரான ஆன்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க், அதற்கு முன்பே டர்போ பாஸ்கல், டெல்ஃபி, சி ஷார்ப் ஆகியவற்றை உருவாக்கியவர்.

டைப்ஸ்கிரிப்ட் என்பது ஜாவாஸ்கிரிப்ட்டின் மேல் வகைக் குறிப்புகளைச் சேர்த்த மொழி. பதினோராம் வகுப்பில் கணினிப் பயன்பாடுகள் பாடம் எடுத்து ஜாவாஸ்கிரிப்ட் படித்தவர்களுக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. சி++ படித்தவர்களுக்கு வகைகள் புதியவை அல்ல, ஆனால் அங்கே பழகிய சில எண்ணங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அவை கீழே வருகின்றன.

எதையும் நிறுவாமல் பழக முடியுமா?

முடியும். டைப்ஸ்கிரிப்ட்டின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் உள்ள ப்ளேகிரவுண்ட் பகுதியில் இடப்பக்கம் நிரலை எழுதினால், வலப்பக்கம் அதிலிருந்து பிறக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டைக் காணலாம்.

அடிப்படை வகைகள் எவை? முழு எண்ணுக்கும் பின்ன எண்ணுக்கும் தனித்தனி வகை உண்டா?

ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்), நம்பர் (எண்), பூலியன் (ஆம் அல்லது இல்லை) என்னும் மூன்றே தொடக்கத்துக்குப் போதும். சி++ மொழியில் உள்ளதுபோல் முழு எண்ணுக்கு ஒரு வகை, பின்னத்துக்கு ஒரு வகை என்ற பிரிவினை இங்கே இல்லை, இரண்டும் நம்பர்தான். அது 64 பிட்டில் இரும எண்ணாகச் சேமிக்கப்படுவதால், 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று விடை வரும். டைப்ஸ்கிரிப்ட் இதைப் பிழை என்று சொல்லாது, ஏனெனில் வகை சரியாகவே இருக்கிறது. ஆகவே பணக் கணக்கு எழுதும்போது ரூபாயைப் பின்னமாக வைக்காமல் பைசாவில் முழு எண்ணாக வைப்பது நல்லது. நம்பர் வகையில் 9007199254740991 வரையுள்ள முழு எண்கள் பிசகாமல் அடங்கும். பைசாவில் எழுதினாலும் ஏறத்தாழ 90 இலட்சம் கோடி ரூபாய் வரை கணக்கு வைக்கலாம், ஊர்க் கோயில் வரவுசெலவுக்கு அது தாராளம்.

தொலைபேசி எண்ணை எந்த வகையில் வைப்பது என்ற கேள்வியும் இங்கேயே எழும். அதைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உறவினரின் எண்கள் கூட்டல் குறியோடு தொடங்கும். எனவே அது ஸ்ட்ரிங்.

ஒவ்வொரு மாறிக்கும் வகையை எழுதியே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. 'லெட் நீளம் = 20' என்று எழுதினாலே அது நம்பர் என்று கம்பைலர் (நிரலைச் சோதித்து ஜாவாஸ்கிரிப்ட்டாக மாற்றும் கருவி) ஊகித்துக்கொள்ளும்; அதன் பிறகு அந்த மாறியில் "இருபது" என்ற சொல்லை வைக்க முயன்றால் மறுத்துவிடும். கம்பைலருக்கே தெரிந்ததை மீண்டும் எழுதுவது நிரலை நீளமாக்குமே தவிர பாதுகாப்பைக் கூட்டாது. புதிதாகப் படிப்பவர்கள் எல்லா இடத்திலும் ': நம்பர்' என்று எழுதி நிரப்புவதை அடிக்கடி காண்கிறோம், அந்த உழைப்பைச் செயற்கூறுகளின் (ஃபங்ஷன்களின்) வாசலில் செலவிட்டால் பயன் அதிகம்.

அப்படியானால் செயற்கூறில் எதை எழுதுவது, எதை விடுவது?

அளபுருக்களின் (செயற்கூறு வாங்கும் மதிப்புகளின்) வகையை எழுதியே ஆக வேண்டும். திருப்பித் தரும் மதிப்பின் வகையை எழுதுவது கட்டாயம் இல்லை, ஆனாலும் எழுதுங்கள் என்பது எங்கள் அறிவுரை. உள்ளே இருக்கும் மாறிகளை ஊகத்துக்கு விட்டுவிடலாம்.

கல் கணக்கையே எடுத்துக்கொள்வோம். கூடத்தின் நீளமும் அகலமும் அடியில் தரப்படுகின்றன. ஆத்தங்குடிக் கல்லின் பக்கம் அங்குலத்தில் தரப்படுகிறது. செயற்கூறின் முதல் வரி இப்படி அமையும்:

ஃபங்ஷன் கல்எண்ணிக்கை(நீளம்: நம்பர், அகலம்: நம்பர், பக்கம்: நம்பர்): நம்பர்

உள்ளே, அடியை 12-ஆல் பெருக்கி அங்குலமாக்கி, கல்லின் பக்கத்தால் வகுத்து, மேத்.சீல் கொண்டு அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்தி, நீளவாட்டத்துக்கும் அகலவாட்டத்துக்கும் கிடைத்த எண்களைப் பெருக்கித் திருப்பித் தருகிறோம். 20 அடி நீளம், 12 அடி அகலம், 8 அங்குலக் கல் என்றால், நீளத்தில் 30, அகலத்தில் 18, மொத்தம் 540 கல்.

இதே செயற்கூறை வெறும் ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதி, அழைக்கும்போது மூன்றாவது மதிப்பைத் தர மறந்தால், நிரல் நிற்காது; பக்கம் என்பது 'அண்டிஃபைன்ட்' (மதிப்பு தரப்படாதது) ஆகி, விடையாக 'நேன்' என்னும் எண்ணல்லாத மதிப்பு வரும். அது அங்கிருந்து விலைப் பட்டியல் வரை பயணம் செய்த பிறகே யாருடைய கண்ணிலாவது படும். டைப்ஸ்கிரிப்ட்டில் அழைக்கும் வரியின் அடியிலேயே சிவப்புக் கோடு தோன்றி, மூன்று மதிப்புகள் தேவை, இரண்டுதான் வந்துள்ளன என்று சொல்லும். இத்தனைக்கும் 'நேன்' என்பதன் வகையும் நம்பர்தான் என்பது வேடிக்கை.

அடிக்குப் பதில் அங்குலத்தைக் கொடுத்துவிட்டால் டைப்ஸ்கிரிப்ட் கண்டுபிடிக்குமா?

கண்டுபிடிக்காது. இது மிக நல்ல கேள்வி, இதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். கொத்தனார் அளந்து சொன்ன 240 அங்குலம், 144 அங்குலம் ஆகியவற்றை அப்படியே மேற்கண்ட செயற்கூறுக்குக் கொடுத்தால் விடை 77,760 கல் என்று வரும். கம்பைலர் வாய் திறக்காது. மூன்று அளபுருக்களும் நம்பர், கொடுக்கப்பட்ட மூன்றும் நம்பர். அடி என்பதும் அங்குலம் என்பதும் நம் மனத்தில் இருக்கின்றனவே ஒழிய, நாம் எழுதிய வகையில் இல்லை.

எனவே வகையை இன்னும் சற்று விவரமாக எழுதலாம். மூன்று தனி அளபுருக்களுக்குப் பதிலாக ஒரே ஆப்ஜெக்டை (பெயரிட்ட உறுப்புகளின் தொகுப்பை) வாங்கும்படி மாற்றி, அதன் உறுப்புகளுக்கு நீளம்அடி, அகலம்அடி, கல்அங்குலம் என்று பெயரிட்டால், அழைப்பு 'கல்எண்ணிக்கை({ நீளம்அடி: 20, அகலம்அடி: 12, கல்அங்குலம்: 8 })' என்று அமையும். இப்போது அழைப்பவர் ஒவ்வொரு எண்ணுக்கும் அருகில் அதன் அளவையைத் தம் கையாலேயே எழுத வேண்டியிருக்கிறது. 'நீளம்அங்குலம்' என்று எழுதினால் அப்படி ஓர் உறுப்பு இல்லை என்று கம்பைலர் மறுத்துவிடும். எழுதிய பிறகும் 'நீளம்அடி: 240' என்று ஒருவர் கொடுத்தால் அதைத் தடுக்க வகையால் ஆகாது, 100 அடிக்கு மேல் வந்தால் நிறுத்தும் ஒரு சோதனையைச் செயற்கூறின் உள்ளே நாம்தான் எழுத வேண்டும். ஒரே வகையில் மூன்று அளபுருக்கள் அடுத்தடுத்து வரும் செயற்கூறைக் கண்டாலே ஆப்ஜெக்டாக மாற்றலாமா என்று யோசிப்பது நல்ல பழக்கம்.

சில சமயம் மட்டும் தரப்படும் மதிப்பை எப்படி எழுதுவது?

இரண்டு வழிகள் உண்டு. அளபுருவின் பெயரை அடுத்துக் கேள்விக்குறி இட்டால் அதைத் தரலாம், தராமலும் விடலாம். ஆனால் உள்ளே அது நம்பராகவும் இருக்கலாம், அண்டிஃபைன்ட் ஆகவும் இருக்கலாம் என்பதால், சோதிக்காமல் கூட்ட முடியாது. மாறாக 'உபரி = 0' என்று தொடக்க மதிப்பு கொடுத்தால், உள்ளே அது எப்போதும் நம்பர்தான். கையால் வார்க்கும் கல்லில் உடைசலுக்கென்று கூடுதலாகச் சில வாங்குவது வழக்கம் என்பதால், கல் கணக்குக்கு இரண்டாவது வழியே பொருந்துகிறது. கேள்விக்குறி இட்ட அளபுருவுக்குப் பின்னால் கட்டாய அளபுரு வரக் கூடாது.

படிவத்தில் எண்ணைத்தான் தட்டச்சு செய்கிறோம், ஏன் ஸ்ட்ரிங் என்கிறது?

உலாவியில் உள்ள உள்ளீட்டுப் பெட்டியின் வேல்யூ எப்போதும் ஸ்ட்ரிங். பெட்டியில் 27 என்று அடித்தால் நிரலுக்குக் கிடைப்பது "27". ஜாவாஸ்கிரிப்ட்டில் பெருக்கலும் வகுத்தலும் அதைத் தாமாகவே எண்ணாக மாற்றிக்கொள்வதால், பிழை வெகுநாள் மறைந்திருக்கும். கூட்டல் மட்டும் ஒட்டிவிடும். 540 கல்லோடு "27" உபரியைக் கூட்டினால் 567 வராது, "54027" வரும். அளபுரு நம்பர் என்று எழுதியிருந்தால் டைப்ஸ்கிரிப்ட் இந்த அழைப்பை ஏற்காது.

மாற்றுவதற்கு நம்பர்() என்னும் செயற்கூறு உண்டு, ஆனால் அதை முழுவதும் நம்பக் கூடாது. வெற்றுப் பெட்டியைக் கொடுத்தால் 0 தரும். "இருபது" என்று கொடுத்தால் நேன் தரும். பழைய ஐந்தொகைச் சிட்டைகளில் உள்ளதுபோல் ௨௭ என்று தமிழ் இலக்கத்தில் கொடுத்தாலும் நேன்தான். மாற்றிய கையோடு சோதிக்க வேண்டும்.

குறிப்பிட்ட சில சொற்களை மட்டும் ஏற்கும் வகை உண்டா?

உண்டு, டைப்ஸ்கிரிப்ட்டின் சிறப்பே அதில்தான் இருக்கிறது. நகரத்தார் ஒவ்வொருவரும் ஒன்பது கோயில்களுள் ஒன்றைச் சேர்ந்தவர்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. பத்தாவது கிடையாது. இதை ஸ்ட்ரிங் என்று எழுதினால் "காரைக்குடி" என்பதும் கோயிலாகிவிடும். மாறாக 'டைப் கோயில் = "இளையாத்தங்குடி" | "மாத்தூர்" | "வைரவன்கோயில்"' என்று தொடங்கி ஒன்பதையும் செங்குத்துக் கோட்டால் பிரித்து எழுதினால், அந்த ஒன்பது சொற்கள் மட்டுமே செல்லும். மேற்கோள் குறியைத் திறந்தவுடன் எடிட்டர் ஒன்பது பெயர்களையும் பட்டியலிட்டுக் காட்டும் என்பது கூடுதல் வசதி. ஒருவர் மாத்தூர் என்றும் இன்னொருவர் மாற்றூர் என்றும் எழுதுவதால் ஒரே கோயில் பட்டியலில் இரண்டாகப் பிரியும் தொல்லை, நிரலுக்குள் எழுதும் சொற்களைப் பொறுத்தவரை, அத்துடன் ஒழிந்தது.

தமிழில் எழுதுபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'கோ' என்னும் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று, இரட்டைச் சுழிக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஒப்பிடும்போது சமம் ஆகாது. எனவே வெளியிலிருந்து வரும் "வைரவன்கோயில்" என்னும் சொல்லை ஒப்பிடும் முன் ஸ்ட்ரிங்கின் நார்மலைஸ்() செயற்கூறு வழியே அனுப்பிவிடுங்கள். நீளத்திலும் இதே கதைதான்: "காரைக்குடி" என்பதில் நமக்கு ஐந்து எழுத்துகள், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு நீளம் 10.

அந்த வகையை வைத்துச் செயற்கூறு எழுதுவது எப்படி?

புள்ளிக் கணக்கைப் பார்ப்போம். மணமான தம்பதியரை ஒரு புள்ளி என்றும், துணையை இழந்தவரை அரைப் புள்ளி என்றும் கொள்வது வழக்கம். கோயிலுக்கான வரி அதன்படி பிரிக்கப்படும். ஒரு குடும்பத்தின் நிலைக்கு ஏற்பப் புள்ளியைத் தரும் செயற்கூறின் முதல் வரி இது:

ஃபங்ஷன் புள்ளி(நிலை: "தம்பதி" | "துணையிழந்தவர்"): நம்பர்

உள்ளே ஒரு ஸ்விட்ச் வைத்து, முதல் நிலைக்கு 1, இரண்டாவதற்கு 0.5 என்று திருப்பித் தருகிறோம். இரண்டு நிலைகளையும் தொட்டாகிவிட்டது என்பதைக் கம்பைலர் தானே அறிந்துகொள்வதால், கடைசியில் வேறொரு ரிட்டர்ன் கேட்பதில்லை. சில மாதங்கள் கழித்து, பட்டியலில் மணமாகாதவர்களையும் சேர்க்க வேண்டும் என்று முடிவாகி, நிலையில் மூன்றாவது சொல்லைச் சேர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்விட்ச்சைத் திருத்த மறந்தால், திருப்பித் தரும் வகையை நம்பர் என்று எழுதியிருப்பதனால், எல்லா வழிகளிலும் நம்பர் வரவில்லை என்று கம்பைலர் உடனே கூறும். அந்த ': நம்பர்' என்பதை எழுதாமல் விட்டிருந்தாலோ, அது "1 அல்லது 0.5 அல்லது அண்டிஃபைன்ட்" என்று அமைதியாக ஊகித்துக்கொண்டு போய்விடும், பிழை வேறெங்கோ, வரியைக் கூட்டும் இடத்தில்தான் தலைகாட்டும். திருப்பித் தரும் வகையை எழுதுங்கள் என்று மேலே சொன்னதற்கு முதன்மையான காரணம் இதுவே. அடுத்தடுத்த இஃப் வரிசையில் இந்த வசதி இதே வடிவில் கிடைக்காது; இத்தகைய இடத்தில் ஸ்விட்ச்தான் ஏற்றது.

"அண்டிஃபைன்ட் ஆக இருக்கலாம்" என்ற செய்தி ஓயாமல் வருகிறதே, அதை அணைத்துவிடலாமா?

அணைக்க முடியும், அணைக்கக் கூடாது. 2016-இல் வந்த 2.0 பதிப்பு முதல், இல்லாத மதிப்பைத் தனி வகையாகக் கருதும் சோதனை உண்டு. சோதனைகளைக் கடுமையாக்கும் ஸ்ட்ரிக்ட் அமைப்பு அதையும் உள்ளடக்கியது. புள்ளிப் பட்டியலில் தொலைபேசி எல்லோருக்கும் இருக்காது என்று 'தொலைபேசி?: ஸ்ட்ரிங்' என எழுதிவிட்டு, உடனே அதன் இடைவெளிகளை நீக்க முயன்றால் செய்தி வரத்தான் செய்யும். 'இஃப்' கொண்டு ஒரு முறை சோதித்தால், அந்த அடைப்புக்குள் அது ஸ்ட்ரிங் மட்டுமே என்று கம்பைலர் வகையைக் குறுக்கிக்கொள்ளும். செய்தியை வாயடைக்க வியப்புக்குறி இடுவது, பிழையைக் கம்பைலரிடமிருந்து எடுத்துப் பயனரிடம் கொடுப்பதாகும்.

எனி, அன்னோன் ஆகிய இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

எனி என்று எழுதினால் சோதனை நின்றுவிடும்; அந்த மதிப்பை எண்ணாகவும் சொல்லாகவும் செயற்கூறாகவும் கையாளலாம், கம்பைலர் எதையும் கேட்காது. 2018-இல் 3.0 பதிப்பில் வந்த அன்னோன் எதை வேண்டுமானாலும் ஏற்கும், ஆனால் இன்னதென்று சோதிக்கும் வரை அதைக் கொண்டு ஒன்றும் செய்ய விடாது. தெரியாததைத் தெரியாதது என்று எழுதுவதே நேர்மை, அன்னோனையே பயன்படுத்துங்கள்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. வகைக் குறிப்புகள் நிரல் ஓடும்போது இருப்பதில்லை. ஜாவாஸ்கிரிப்ட்டாக மாறுகையில் அவை முழுவதும் நீக்கப்படுகின்றன. கோப்பில் உள்ள எழுத்தைத் தரவாக மாற்றும் ஜேசன்.பார்ஸ் தரும் மதிப்பு எனி வகையைச் சேர்ந்தது. அதை 'குடும்பம்' என்னும் வகையுள்ள மாறியில் வைத்தால் கம்பைலர் நம்பிவிடும். கோப்பில் உண்மையில் என்ன இருந்தது என்பதை அது பார்த்ததே இல்லை. ஆகவே கோப்பு, படிவம், இணையம் என வெளியிலிருந்து வரும் எதையும் நுழையும் இடத்திலேயே அன்னோன் என்று வாங்கி, மதிப்பின் வகையைச் சொல்லும் டைப்ஆஃப் கொண்டு உறுப்பு உறுப்பாகச் சோதித்து, பிறகு உள்ளே விட வேண்டும். மேலே சொன்ன ஒன்பது கோயில் வகையும் அப்படியே: வெளியிலிருந்து "மாற்றூர்" என்று வந்தால் அதைத் தடுப்பது நீங்கள் எழுதும் சோதனைதான். டைப்ஆஃப் சோதனையில் நல் (மதிப்பு ஏதுமில்லை என்னும் குறி) என்பதற்கும் "ஆப்ஜெக்ட்" என்றே விடை வரும். நல்லைத் தனியே விலக்குங்கள்.

நோட் நேரடியாகவே டைப்ஸ்கிரிப்ட் கோப்பை ஓட்டுகிறதே, அப்போது வகைகள் சோதிக்கப்படுமா?

சோதிக்கப்படுவதில்லை. நோட் என்பது உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் கருவி. அதன் 22.18, 23.6 ஆகிய பதிப்புகளிலிருந்து தனி அமைப்பு எதுவுமின்றி டைப்ஸ்கிரிப்ட் கோப்பை ஓட்டலாம், ஆனால் அது வகைக் குறிப்புகளை நீக்கிவிட்டு ஓட்டுகிறது, அவ்வளவுதான். சோதனைக்குக் கம்பைலரைத் தனியே ஓட்ட வேண்டும். கம்பைலரும்கூட, வகைப் பிழை இருந்தாலும் இயல்பாக ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை எழுதிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்டர்ஃபேஸ் எழுதுவதா, டைப் எழுதுவதா?

ஆப்ஜெக்டின் வடிவத்துக்கு எதை எழுதினாலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒன்பது கோயில் போன்ற சேர்ப்பு வகைக்கு டைப் மட்டுமே உதவும்.

மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் உண்மையிலேயே தமிழில் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம். பெயர்களில் யூனிகோடு எழுத்துகளை மொழி அனுமதிக்கிறது. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் சிக்கலின்றி ஏற்கப்படும். பழகும்போது தமிழ்ப் பெயர்கள் புரிதலை எளிதாக்குகின்றன. பலர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் குழுவின் வழக்கப்படி நடந்துகொள்ளுங்கள்.

ஒரு செயற்கூறை இன்னொரு செயற்கூறுக்குக் கொடுக்கும்போது அளபுருக்களின் எண்ணிக்கை பொருந்தாவிட்டாலும் ஏற்கிறதே, அது சரியா?

சரிதான், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. அணியின் (மதிப்புகளின் வரிசையின்) மேப் என்னும் செயற்கூறு, நாம் கொடுக்கும் செயற்கூறுக்கு உறுப்பு, அதன் வரிசை எண், முழு அணி என மூன்றைத் தருகிறது. நமக்கு உறுப்பு மட்டும் போதும் என்றால் ஒரே அளபுருவோடு எழுதலாம். தேவைக்கு மேல் வருவதைப் புறக்கணிப்பது தீங்கற்றது என்பதால் டைப்ஸ்கிரிப்ட் அதை ஏற்கிறது.

இனி, படிவத்திலிருந்து வந்த ["10", "10", "10"] என்னும் மூன்று ஸ்ட்ரிங்குகளை எண்ணாக்க, மேப்புக்குப் பார்ஸ்இன்ட் செயற்கூறை அப்படியே கொடுத்துப் பாருங்கள். கம்பைலர் ஒரு குறையும் சொல்லாது. விடை 10, நேன், 2 என்று வரும். பார்ஸ்இன்ட்டுக்கு இரண்டாவதாக ஒரு விருப்ப அளபுரு உண்டு, அது எண்ணின் அடிமானம்; மேப் இரண்டாவதாகத் தருவதோ வரிசை எண். அடிமானம் 0 என்றால் வழக்கமான பத்தடிமானமாகக் கொள்ளப்படுகிறது, 1 என்று ஓர் அடிமானமே இல்லை, அடிமானம் 2 என்றால் "10" என்பது இரண்டு. இரண்டாவது அளபுருவும் நம்பர், வரிசை எண்ணும் நம்பர் என்பதால் வகைகள் பொருந்திவிடுகின்றன. அடியும் அங்குலமும் குழம்பிய அதே இடத்தில்தான் இதுவும் குழம்புகிறது. 'சொல் => நம்பர்(சொல்)' என்று ஒரே அளபுருவுள்ள அம்புச் செயற்கூறை எழுதிக் கொடுத்தால் மூன்றும் 10 என்றே வரும்; அதில் சொல் என்பதன் வகையை எழுத வேண்டியதில்லை, அணி ஸ்ட்ரிங் அணி என்பதிலிருந்து கம்பைலரே அறிந்துகொள்ளும்.